மிளகாய்ச் செடியும் வாயில்லாச் சீவனும்

உங்கள் வீட்டுக் கொல்லையிலோ மொட்டை மாடித் தொட்டியிலோ ஒரு மிளகாய்ச் செடியேனும் நிற்கக்கூடும். செடி இல்லையென்றாலும் அடுக்களையில் தூள் டப்பா இருக்கும். பங்குனி, சித்திரை மாதங்களில் மாடியில் பாய் விரித்து வற்றல் காயும். மிளகாய் இல்லாத வீடு நம்மிடையே இல்லை. நாயின் நிலையோ வேறு. அது பெரும்பாலும் நம் வாசற்படிக்கு வெளியே நிற்கும் சீவன். தோட்டக் காவலுக்கும் ஆடு மாடுகளின் காவலுக்கும் வளர்ப்போர் நம்மில் உண்டு. ஏனையோருக்குத் தெரு நாயோடு உள்ள உறவு, எச்சில் சோற்றை வெளியே வைப்பதோடும், கதவருகே வந்தால் விரட்டுவதோடும் முடிந்துவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே மிளகாய் எப்படி வந்து நுழைகிறது என்பதைத்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

"குடும்ப மாத இதழில் நாயைப் பற்றியா?" என்று முகம் சுளிக்கும் சகோதரிகள் சிலர் இருக்கலாம். சற்றே பொறுத்துப் படியுங்கள். நாயோடு நின்றுவிடும் செய்தியல்ல இது. நம் பிள்ளைகளும், நம் வாசலும், நம் விருந்துச் சோறும் இதில் வருகின்றன.

நான் பிறந்தது இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில். என் வாப்பா அவர்கள் மிளகாய் வற்றல் கமிஷன் வியாபாரம் செய்தவர்கள். முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து வரும் குண்டு வற்றல்தான் எங்கள் வீட்டின் வருமானம். அதே குண்டு மிளகாய்க்குத்தான் 2023ஆம் ஆண்டில் 'இராமநாதபுரம் முண்டு மிளகாய்' என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது. சிறுமியாய் இருந்த காலத்தில் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு களத்துக்குப் போயிருக்கிறேன். கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பாய் விரிந்து கிடக்கும் பழத்தின் நடுவே பெண்கள் வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு வற்றலைக் கிளறிக்கொண்டிருப்பார்கள். அந்த நெடியில் புதிதாய் வந்தவர் தும்மாமல் நிற்க முடியாது. களத்துக்குக் காவலாய் நாய்களும் இருக்கும். அவை குவியலின் மேல் படுத்து நான் கண்டதில்லை. காற்றடிக்கும் திசைக்கு எதிர்ப்பக்கமாய், கருவேல மர நிழலில், முகத்தைக் காலுக்குள் புதைத்துக்கொண்டு கிடக்கும். முன்னங்காலை மூக்கின் மேல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து உறுமுவது குட்டிகள் மட்டுமே. பெரிய நாய்க்கு எட்டி நிற்கத் தெரிந்திருந்தது. யார் சொல்லிக் கொடுத்தது என்று நான் வாப்பாவிடம் கேட்டதுண்டு. "ஒரு தடவ மோந்து பாத்திருக்கும்மா, அது போதும்" என்றார்கள்.

மிளகாய் நம் மண்ணின் பயிரன்று என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன் நம் முன்னோர் உண்ட காரம் மிளகின் காரம். கத்தரி, தக்காளி, உருளை, ஊமத்தை ஆகியவை சேர்ந்த குடும்பத்தில் மிளகாயும் ஒன்று. அதன் காரத்துக்குக் காரணமான பொருளைக் 'காப்சைசின்' என்பார்கள். விதைதான் காரம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் விதையைத் தாங்கி நிற்கும் வெள்ளை நரம்பிலேயே அது மிகுதியாய் ஊறுகிறது. விதை அதில் ஒட்டிக்கிடப்பதால் காரம் பெறுகிறது.

இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். காரம் என்பது இனிப்பு, புளிப்பைப் போன்ற சுவையன்று. அது வலி. நம் நாக்கிலும் கண்ணிலும் தோலிலும் சூட்டை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூடு பட்டால் அவை 'சுடுகிறது' என்று மூளைக்குச் சொல்லும். காப்சைசின் அதே முனையில் போய் அமர்ந்துகொண்டு, சூடு இல்லாமலேயே சுடுகிறது என்று சொல்ல வைக்கிறது. டேவிட் ஜூலியஸ் என்ற அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் 1997இல் இந்த உணரியைக் கண்டறிந்தனர். 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது மிளகாயின் வழியே நடந்த இந்த ஆராய்ச்சிக்காகத்தான். பாலூட்டிகள் அனைத்துக்கும் இவ்வுணரி உண்டு. பறவைகளின் உணரியோ காப்சைசினுக்கு அசைவதில்லை. அதனால்தான் கிளியும் கோழியும் பழுத்த மிளகாயைக் கொத்திக் கொத்தித் தின்கின்றன. பறவை விழுங்கிய விதை கெடாமல் வெளியே வந்து வேறிடத்தில் முளைக்கும். பாலூட்டி மென்றால் விதை நசுங்கிப்போகும். செடி யாருக்குத் தன் பழத்தை வைத்திருக்கிறது, யாரை விலக்குகிறது என்பது இதிலிருந்தே விளங்கும். நாய் விலக்கப்பட்ட பக்கத்தில் இருக்கிறது.

மனிதனும் அதே பக்கத்தில்தான் இருக்கிறான். ஆயினும் அவன் விரும்பி உண்கிறான். எங்கே நிறுத்த வேண்டும் என்றும் அறிவான். நாய்க்கு அந்த விருப்பமும் இல்லை, பழக்கமும் இல்லை. மனித நாக்கில் சுமார் 9,000 சுவை மொட்டுகள் இருக்க, நாயின் நாக்கில் ஏறத்தாழ 1,700தான் உள்ளன. ஆதலால் அதற்குக் காரம் அவ்வளவாக உறைக்காது என்று சிலர் வாதிடுவார்கள். காரம் சுவையன்று என்பதை மறந்த வாதம் இது. மூக்கைப் பாருங்கள்: நமக்கு வாசனை உணரும் செல்கள் 50, 60 இலட்சம் என்றால், நாய்க்கு 20 கோடிக்கும் மேல். உலகத்தை மூக்கால் பார்க்கும் சீவன் அது. எதையும் முதலில் முகர்ந்துதான் தொடும். மிளகாய்த் தூளை முகர்ந்த நாய், நாம் கண்ணைத் திறந்துகொண்டே தூளைத் தூவிக்கொண்டதற்கு ஒப்பான நிலையில் நிற்கிறது.

அப்போது அதற்கு என்ன நேரும்? எச்சில் ஒழுகும்; நுரை தள்ளும். முன்னங்காலால் வாயைத் தோண்டும். முகத்தை மண்ணில் தேய்க்கும். விடாமல் தும்மும், கமறும். கண் சிவந்து நீர் வடியும். விழுங்கிவிட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். வளர்ந்த, நலமுள்ள நாய் மிளகாயால் மட்டும் உயிர் துறப்பது அரிது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாத அச்சத்தை உங்களுக்கு ஊட்ட நான் விரும்பவில்லை. ஆனால் சிறு குட்டி, வயதான நாய், சப்பை மூக்கு இனம் ஆகியவற்றின் நிலை வேறு. வாந்தியாலும் கழிச்சலாலும் குட்டியின் உடலில் நீர் வற்றிவிடும். சப்பை மூக்கு நாய்க்கு மூச்சுக் குழல் முன்பே குறுகியது. தூள் பட்டு வீங்கினால் மூச்சு திணறும்.

இனி, எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பங்குனி மாதம். அஸர் பாங்கு சொல்லிச் சற்று நேரம் ஆகியிருக்கும். தெருவில் ஒரு செவலை நாய் உண்டு. யாருடையதும் அன்று, மீன்காரர் போடும் தலையைத் தின்று எல்லோர் வாசலிலும் மாறி மாறிப் படுத்திருக்கும். அந்த நாய் வாயிலிருந்து நுரை ஒழுக, தலையை உதறிக்கொண்டு, சுவரிலும் மண்ணிலும் மோதி மோதித் தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிற்று. ஓதப் போய்விட்டுத் திரும்பிய பிள்ளைகள், "வெறிநாய்! வெறிநாய்!" என்று அலறிக்கொண்டு வீடுகளுக்குள் பாய்ந்தார்கள். நிமிடத்தில் கதவுகள் அடைபட்டன. இளைஞர்கள் நால்வர் கம்புடன் வந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தெருவில் சிறு பிள்ளைகள். வெறிநோய் கண்டபின் பிழைத்தவர் இல்லையென்றே சொல்லலாம் என்பதை அவர்கள் அறிவார்கள்.

கால்நடை மருத்துவமனையில் பல ஆண்டு பணியாற்றி ஓய்வு பெற்ற காக்கா ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார்கள். ஒளுச் செய்துகொண்டிருந்தவர்கள் கைலியை மடித்துக் கட்டியபடி வெளியே வந்தார்கள். "கம்பக் கீழ போடுங்க வாப்பா, ஆனா கிட்டப் போகாதீங்க" என்று சொல்லிவிட்டு, எட்டத்தில் நின்றே சில நொடி பார்த்தார்கள். "மூக்கப் பாருங்க. செவப்பா அப்பியிருக்குல்ல? அது தூளு" என்றார்கள். ஆள் இல்லாத காலி மனை ஒன்று அருகே இருந்தது. நீண்ட கழியால் அதன் தட்டிக் கதவைத் திறந்து வைத்து, நாயை அதற்குள் ஒதுங்க விட்டுக் கதவைச் சாத்தச் செய்தார்கள். ஒரு மண் சட்டியில் தண்ணீரும், மற்றொன்றில் தயிர் பிசைந்த சோறும் சுவரோரமாய் உள்ளே நகர்த்தப்பட்டன. நாய் தண்ணீரில் முகத்தையே அமிழ்த்திக்கொண்டது. இஷா நேரத்துக்குள் அதன் ஓட்டம் அடங்கிப் படுத்துவிட்டது. ஆயினும் அவர்கள் அத்தோடு விடவில்லை. மறுநாள் கால்நடை மருத்துவரை அழைத்து வந்து காட்டினார்கள். பத்து நாள் அங்கேயே வைத்துத் தீனி போட்டுப் பார்க்கச் செய்தார்கள். பிறகே கதவு திறக்கப்பட்டது.

நடந்தது என்னவென்று பின்னர்த் தெரிய வந்தது. அந்த நாய் குப்பைக் கூடையைக் கவிழ்த்துவிடுகிறது என்று வெறுத்துப் போன ஒரு வீட்டார், பொரித்த மீன் முள்ளில் இரண்டு கரண்டித் தூளைப் பிசைந்து வாசலில் வைத்துவிட்டார்கள். அந்த வீட்டு லாத்தா என்னிடம் தனியே சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது: "வெரட்டத்தானே புள்ள போட்டேன்? கொல்லவா போட்டேன்?" பொய் சொல்பவர் அல்லர் அவர். விரட்டும் எண்ணம் மட்டுமே அவருக்கு இருந்தது. ஆனால் அந்தத் தூள் கம்பு ஏந்திய நால்வரைத் தெருவுக்கு இழுத்து வந்தது. காக்கா அவர்கள் ஊரில் இல்லாத நாளாயிருந்தால் கதை வேறாய் முடிந்திருக்கும்.

இதைப் படிக்கும் நீங்கள் ஒன்றை மட்டும் தவறாகப் புரிந்துகொள்ளலாகாது. நுரை தள்ளும் நாயைக் கண்டால், "மிளகாயாய்த்தான் இருக்கும்" என்று நீங்களே முடிவு கட்டி அருகே போய்விடாதீர்கள். காக்கா அவர்களுக்குப் பழகிய கண் இருந்தது. அவர்களும் எட்டியே நின்றார்கள். வெறிநோய் கண்ட நாய்க்கும் எச்சில் ஒழுகும். அதன் குரல் மாறிக் கரகரக்கும், கீழ்த்தாடை தொங்கும், விழுங்க முடியாது, பின்னங்கால் தள்ளாடும், காரணமின்றி எதையும் கடிக்கும். ஆனால் இவை எல்லாம் ஒருசேர வருவதில்லை. தொடக்க நாளில் ஒன்றும் தெரியாமலும் இருக்கும். நோயின் அடையாளம் தோன்றுமுன்பே எச்சிலில் கிருமி இருக்கக்கூடும். ஆகவே பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள். ஒதுங்குவதற்கு நாய்க்கு வழி விடுங்கள். கால்நடை மருத்துவமனைக்கோ ஊராட்சி, நகராட்சிக்கோ தெரிவியுங்கள். யாரையேனும் கடித்துவிட்டாலோ கீறிவிட்டாலோ, புண்ணை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். புண்ணில் மிளகாய்த் தூளையும் சுண்ணாம்பையும் வைத்துக் கட்டும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அதனால் கிருமி சாவதில்லை. தடுப்பூசி போடும் நேரம்தான் வீணாகிறது.

தோட்டத்தில் நாய் வளர்ப்பவர்கள், தம் நாய் மிளகாயைக் கடித்துவிட்டது என்று திட்டமாய்த் தெரிந்தால் செய்யத்தக்கன சில உண்டு. காப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால் சிறிது தயிரோ, தயிர் பிசைந்த சோறோ கொடுக்கலாம். பால் கொஞ்சம் போதும், வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. குடிக்கத் தண்ணீர் தாராளமாய் வையுங்கள். வாயைப் பிளந்து ஊற்றாதீர்கள், மூச்சுக் குழலுக்குள் போய்விடும். வாந்தி எடுக்க வைக்கவே வேண்டாம். உள்ளே போனபோது சுட்டது, திரும்பி வரும்போதும் சுடும். கண்ணில் பட்டிருந்தால் சுத்தமான நீரை மெல்ல மெல்ல வார்த்துக் கழுவுங்கள். மயிரில் தூள் ஒட்டியிருந்தால் முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டுப் பின்னர் சோப்பு நீரில் குளிப்பாட்டுங்கள். நம் வீட்டுக் காய்ச்சல் மாத்திரையையோ வலி மாத்திரையையோ ஒருபோதும் கொடுக்கக் கூடாது. பாரசிட்டமாலும் நாய்க்கு ஆபத்தானதே. வாந்தி நிற்கவில்லை, மூச்சு இரைகிறது, இரத்தம் தென்படுகிறது என்றால் மருத்துவரிடம் கொண்டு செல்லத் தாமதிக்காதீர்கள்.

செடியைப் பற்றிச் சொல்லவே இல்லையே என்று கேட்பீர்கள். தொட்டியில் நிற்கும் செடியின் இலையில் காரம் மிகக் குறைவு. கொரியாவிலும் பிலிப்பைன்சிலும் மிளகாய் இலையைக் கீரையாகச் சமைத்தே உண்கிறார்கள். பல் முளைக்கும் குட்டி தண்டையும் இலையையும் கடித்துத் துப்பினால் வயிறு சற்றுக் கலங்கும், அவ்வளவே. பழம் தொங்கும்போதுதான் பந்தென்று எண்ணிக் கவ்விக்கொள்ளும். அதைவிடப் பெரிய ஆபத்து இலையின் மேலும் செடியின் அடியிலும் இருக்கிறது. மிளகாய்க்கு இலைச்சுருட்டை வராத ஆண்டு இல்லை. பேனும் சிலந்தியும் விடுவதில்லை. அதற்கு அடிக்கும் மருந்து இலையில் படிந்திருக்கும். அந்த மருந்தைக் கலந்த வாளித் தண்ணீர் மூலையில் கிடக்கும். நாயும் ஆடும் பிள்ளையும் அதைத் தொடாதபடி பார்ப்பது உங்கள் பொறுப்பு.

எருவாக இடும் ஆமணக்குப் புண்ணாக்கு இவற்றினும் கொடியது. 'இயற்கை உரம்தானே, என்ன செய்யும்?' என்று நம்பிக் கைநிறைய அள்ளித் தொட்டியில் போடுகிறோம். ஆமணக்கு விதையில் 'ரைசின்' என்னும் கொடிய நஞ்சு உண்டு. எண்ணெய் ஆட்டியபின் அந்த நஞ்சு எண்ணெயோடு போகாமல் புண்ணாக்கில் தங்கிவிடுகிறது. சரிவரச் சூடேற்றி நஞ்சு முறிக்கப்படாத புண்ணாக்கைத் தின்று நாய்கள் இறந்தது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. மணம் நாயை இழுக்கும். எலும்புத் தூளும் கலந்திருந்தால் தொட்டியையே தோண்டிவிடும். மிளகாயைக் கடித்த நாய் ஓரிரு மணியில் தெளியும். ஆமணக்கைத் தின்ற நாய் சில மணி நேரம் ஒன்றும் ஆகாததுபோல் திரிந்துவிட்டுப் பின்னர் இரத்தமாய்க் கழியத் தொடங்கும். மிளகாய்த் தொட்டிக்கு எரு வேண்டுமானால் மட்கிய தொழு உரம் போடுங்கள். ஆமணக்குப் புண்ணாக்குத்தான் போடுவேன் என்பவர்கள் ஆழப் புதைத்து, மேலே மண்ணும் கல்லும் மூடி, தொட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இனி நம் விருந்துகளுக்கு வருவோம். நிக்காஹ், வலீமா, கந்தூரி முடிந்ததும் சஹனில் எஞ்சிய சோறும் எலும்பும் தெரு மூலையில் கொட்டப்படுகின்றன. நாய்க்கும் பூனைக்கும் ஆகட்டுமே என்ற நல்ல எண்ணத்தோடு கொட்டுவோர் பலர். கறியின் காரம் நாயின் வயிற்றைக் கெடுக்கும். அது சிறிய தீங்கு. பெரிய தீங்கு வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கிறது. அவை நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் தன்மையுடையவை. உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் தின்றாலே இரத்தத்தில் கேடு தெரியும் என்று கால்நடை மருத்துவ நூல்கள் சொல்கின்றன. பத்துக் கிலோ எடையுள்ள தெரு நாய்க்கு 150 கிராம் போதும் என்றாகிறது. ஒரு தேக்சா பிரியாணியின் அடியில் கிடப்பது அதனினும் பன்மடங்கு. வதக்கினாலும் வேகவைத்தாலும் இந்தத் தன்மை நீங்குவதில்லை. அடையாளமும் உடனே தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் செம்பழுப்பாகி, நாய் எழ முடியாமல் படுக்கும்போது விருந்தை யாரும் நினைப்பதில்லை. நெய்ச்சோற்றில் போடும் கிஸ்மிஸ் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெந்த எலும்பு கூராய்ப் பிளந்து குடலைக் கிழிக்கும். நாய்க்கு வைக்க விரும்பினால் மசாலா படாத வெள்ளைச் சோற்றைத் தனியே ஒதுக்கி வையுங்கள். பண்டாரிகளிடம் முன்பே சொல்லிவிட்டால் இது ஒரு வேலையே அன்று.

மிளகாயை நாய்க்கு வேண்டுமென்றே கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். காவல் நாய்க்கு மிளகாய் கொடுத்தால் 'ரோஷம்' வரும், கடுமையாய்க் குரைக்கும் என்றொரு நம்பிக்கை கிராமங்களில் உண்டு. வயிறு எரியும் நாய் எரிந்து விழுவது ரோஷமன்று, வலி. வலியுள்ள நாய் திருடனையும் கடிக்கும், தீனி வைக்கும் கையையும் கடிக்கும். வலியை வைத்து விலங்கை வேலை வாங்கும் இந்த எண்ணம் பட்டிக்காட்டுக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடாதீர்கள். 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தபோது சில குதிரைகளின் சோதனையில் காப்சைசின் தென்பட்டு வீரர்கள் நீக்கப்பட்டார்கள். நார்வே அணி அதனால் வெண்கலப் பதக்கத்தையே இழந்தது. அது வலி நீக்கவும் பயன்படும் மருந்துதான். ஆயினும் குதிரையின் காலில் பூசினால் தோல் கூச்சம் கொள்ளும், கம்பத்தில் பட்டால் கூடுதலாய் வலிக்கும், குதிரை காலை உயரத் தூக்கும் என்பதும் அதற்குத் தடை விதிக்கப்பட்ட காரணங்களுள் ஒன்று.

நம் நாட்டுச் சட்டமும் இதில் வாய் மூடி இருக்கவில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, தீங்கு விளைவிக்கும் பொருளை வேண்டுமென்றே விலங்குக்குக் கொடுப்பதைக் குற்றம் என்கிறது. சட்டத்தைச் சொல்லி அந்த லாத்தாவை நான் மிரட்டவில்லை. நாம் அனைவரும் ஓதும் இடத்தில் கேட்டு வளர்ந்த ஒரு செய்தியை மட்டுமே நினைவூட்டினேன்: தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கிக் காலுறையில் நீர் மொண்டு வந்து புகட்டிய மனிதரின் செய்தி. நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கொண்டு கழுவ வேண்டும் என்று கற்பித்த மார்க்கமே இதையும் கற்பித்தது. கழுவும் சட்டம் பாத்திரத்தைப் பற்றியது. நாயின் கண்ணில் தூளைத் தூவுவதற்கு அதில் இடமேது? லாத்தா பதில் சொல்லவில்லை. "சரி, கூடையக் கவுத்துப் போடுதே, அதுக்கு என்னதான் செய்ய?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மிளகாய் வேண்டாம் என்று சொல்லும் நமக்கு அதற்கு விடை சொல்லும் கடமையும் உண்டு.

நாய் வாசலுக்கு வருவது வாடையைத் தேடி. மூடியில்லாத பிளாஸ்டிக் கூடை அதற்கு விரித்து வைத்த பாய். அழுத்தி மூடும் மூடியுள்ள வாளி ஒன்று வாங்கிக் கொக்கியில் தொங்க விடுங்கள். குப்பை வண்டி வரும் நேரத்துக்கு மட்டும் வெளியே வையுங்கள். நாய் படுக்கும் படியை நாளுக்கு இருமுறை சோப்பு நீரால் கழுவினால் அதன் மூத்திர வாடை நீங்கும். அந்த வாடைதான் அதைத் திரும்பத் திரும்ப அழைப்பது. வற்றலைக் காயப்போடுவோர் மாடிக் கதவைச் சாத்திவிட்டுக் காயப்போடுங்கள். மிஷினில் அரைத்து வந்த தூளைச் சலித்த பின் மிஞ்சும் கப்பியை வாசலில் உதறாதீர்கள்; காற்றடித்தால் அது நாயின் மூக்குக்கும் போகும், பள்ளிக்குப் போகும் பிள்ளையின் கண்ணுக்கும் போகும். தூள் பட்ட கையில் முதலில் எண்ணெயைத் தடவித் துடைத்துவிட்டுப் பிறகு சோப்புப் போட்டால் எரிச்சல் சீக்கிரம் போகும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். மீன் ஆய்ந்த செதிலையும் குடலையும் குழி தோண்டிப் புதையுங்கள். தென்னைக்கு நல்ல எரு. மீன் கழுவிய தண்ணீரை மட்டும் வாசலில் ஊற்றிவிடாதீர்கள். எங்கள் தெருவில் அந்தச் செவலையை அந்த வீட்டு வாசலுக்கு அழைத்து வந்தது அந்தத் தண்ணீர்தான்.